அடுத்த பதிப்பை யார் வெளியிடுவது?

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளின் இப்போதைய பதிப்பு எண் 3.141592653. 2014-இல் அது 3.14159265 ஆக இருந்தது. 2008-இல் 3.1415926. பள்ளிக்கூடத்தில் 22/7 என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பைதான். டெக்கை எழுதிய டொனால்ட் க்னூத் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவரை சேர்ந்திருக்கும் பிழைப் புகார்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார். திருத்த வேண்டியதைத் திருத்தி, பதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் கூட்டி வெளியிடுவார். 2014, 2021 என்று வந்த அவருடைய அட்டவணையில் அடுத்த ஆண்டு 2029. அவர் பிறந்தது 1938-இல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அவரும் போட்டிருக்கிறார். 1990-இல், டெக் பயனர் குழுவின் இதழான டக்போட்டில், ஒரு சிறிய அறிவிப்பு எழுதினார். கிட்டத்தட்ட உயில் என்றே சொல்லலாம். தன் காலத்துக்குப் பிறகு டெக்கின் நிரலில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரே ஒரு மாற்றத்துக்கு மட்டும் அனுமதி: பதிப்பு எண்ணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பை என்ற கிரேக்க எழுத்தைப் போட்டுவிட வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து உள்ளே மிச்சமிருக்கும் பிழைகள் எல்லாம் நிரந்தர அம்சங்கள் ஆகிவிடும். டெக்கை அடிப்படையாக வைத்து யார் வேண்டுமானாலும் புதிதாக எழுதிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு வேறு பெயர் வைக்கணும். அப்படித்தான் பிடிஎஃப்டெக், ஸீடெக், லுவாடெக் எல்லாம் வந்தன. தமிழில் டெக் வைத்து அச்சுக்கோக்கிறவர்கள் இன்று பயன்படுத்துவதும் இந்தப் பேரப்பிள்ளைகளைத்தான்.

நான் முழுநேர நிரலாளன் இல்லை. புத்தகம் அச்சுக்கோக்கும் வேலைக்காக லேடெக்கைக் கற்றுக்கொண்டவன். அந்த வழியாகத்தான் இந்த உலகத்துக்குள் எட்டிப்பார்க்க ஆரம்பித்தேன். திறமூல மென்பொருளை எப்படி எழுதுவது, அதன் தத்துவம் என்ன, சுதந்திரம் என்றால் எந்தச் சுதந்திரம் என்றெல்லாம் பேசியாச்சு, மூட்டை மூட்டையாக. எழுதியதை 'இதுதான் புதுப் பதிப்பு, எடுத்துக்கோங்க' என்று ஊருக்குக் கொடுக்கிற அந்த ஒரு செயலைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆனால் அதிகாரம் இருக்கிற இடம் அதுதான். நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உரிமம் சொல்கிறது. திருத்தியது ஊர்பூராவும் இருக்கிற கணினிகளுக்கு அதே பெயரில் போய்ச்சேர வேண்டும் என்றால், வெளியிடும் சாவி யாரிடமோ இருக்கிறது, அவர் மனசு வைக்கணும். அந்த ஆள் செத்துப்போனால்? காணாமல் போனால்? அலுத்துப்போனால்?

க்னூத்தின் பதில் எளிமையானது. எனக்குப் பிறகு பதிப்பே வேண்டாம். டெக் மாதிரி முற்றுப்பெற்ற ஒரு படைப்புக்கு இது சரிப்படும். மற்றவர்களுக்குச் சரிப்படாது.

டெக்கின் ஆரம்ப வருடங்களில் வெளியீடு என்பது காந்த நாடா. ஸ்டான்ஃபோர்டிலிருந்து தபாலில் வரும். பல்கலைக்கழகத்தில் இருக்கிற யாரோ ஒருவர் அதைத் தன் கணினியில் ஏற்றி, அந்தக் கணினிக்கு ஏற்ற மாதிரி ஒட்டுப்போட்டு ஓடவைப்பார். 1980-இல் பயனர் குழு உருவானதற்கு ஒரு முக்கியமான காரணமே, என் கணினியில் ஓடவைத்ததை உனக்குத் தருகிறேன், உன்னுடையதை எனக்குத் தா என்ற தேவை. 80-களின் பிற்பகுதியில் எஃப்டிபி பரவியதும் நாடா போய், ஆளுக்கொரு சேமிப்புக் கிடங்கு வந்தது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்று. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ஒன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஹன்ட்ஸ்வில் ஊரின் சாம் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒன்று. ஒரே பேக்கேஜ் மூன்று இடத்திலும் இருக்கும், மூன்றும் வேறு வேறு பதிப்பாக இருக்கும். எது புதுசு என்று எழுதியவருக்கே குழப்பம்.

1992-இல் இதை ஒழுங்குபடுத்த நான்கு பேர் உட்கார்ந்தார்கள். ஜெர்மனியில் ரெய்னர் ஷோப்ஃப், யோஆகிம் ஷ்ரோட். இங்கிலாந்தில் செபாஸ்டியன் ராட்ஸ். அமெரிக்காவில் ஜார்ஜ் கிரீன்வேட். அவர்கள் கண்டுபிடித்த தீர்வில் தொழில்நுட்ப அதிசயம் ஒன்றும் கிடையாது. மூன்று கணினிகளிலும் ஒரே மாதிரியான கோப்புறை அமைப்பு. ஒன்றில் வந்து விழுவது மற்ற இரண்டுக்கும் தானாகப் போகும். யார் எங்கிருந்து எடுத்தாலும் ஒரே பொருள் கிடைக்கும். 1993-இல் ஆஸ்டனில் நடந்த ஐரோப்பிய டெக் மாநாட்டில் முறைப்படி அறிவித்தார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து சீடான் என்பார்கள். 1995-இல் பெர்ல் மொழிக்காரர்கள் இதைப் பார்த்து, பெயரைக்கூட அதே வார்ப்பில் வைத்து, சீபான் தொடங்கினார்கள். 1997-இல் ஆர் மொழிக்கு வியன்னாவில் கிரான். பிற்பாடு பைத்தானுக்கு பைபிஐ, ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம். எல்லாம் ஒரே வம்சம்.

சீடானுக்குப் புதுப் பதிப்பை அனுப்புவது எப்படி? பேக்கேஜின் மூலக்கோப்புகள், பயன்படுத்துவோருக்கான கையேடு, ரீட்மீ என்ற சிறு அறிமுகம், எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு ஜிப் செய்யணும். படிவத்தில் பேக்கேஜின் பெயர், பதிப்பு எண், ஆசிரியர், உரிமம், இந்தத் தடவை என்ன புதுசு என்று நாலு வரி. எல்3பில்ட் என்ற கருவி வைத்திருப்பவர்கள் ஒரே கட்டளையில் அனுப்பிவிடுவார்கள். இதுவரைக்கும் எல்லாக் களஞ்சியமும் ஒன்றுதான். வித்தியாசம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. என்பிஎம்மில் கட்டளையைத் தட்டிய சில நொடிகளில் உங்கள் பதிப்பு உலகத்துக்குப் போய்விடும். சீடானில் ஜிப் போய்ச்சேரும் இடத்தில் ஒரு மனுஷர் இருக்கிறார். சம்பளம் இல்லாத தன்னார்வலர். அவர் அதைத் திறந்து பார்ப்பார். ரீட்மீ இருக்கா, உரிமம் தெளிவா இருக்கா, வேண்டாத தற்காலிகக் கோப்புகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கா, வேறு யாருடைய கோப்புப் பெயரோடாவது மோதுகிறதா. குறை இருந்தால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். இல்லையென்றால் உரிய இடத்தில் வைத்து, ஊருக்கு அறிவிப்பு அனுப்புவார். பிறகு உலகம் முழுக்க இருக்கிற பிரதிக் கிடங்குகளுக்குப் போகும். அங்கிருந்து டெக் லைவ் தொகுப்புக்காரர்கள் எடுத்துச் சுருக்கி, உங்கள் கணினிக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம்.

6000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் இப்படித்தான் கைமாறி வந்திருக்கின்றன. இளைய நிரலாளர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எந்த நூற்றாண்டில இருக்கீங்க என்கிறார்கள். எனக்கு அந்தத் தாமதம் பிடிக்கும். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் இன்னொருவர் கண் படுவது மாதிரி.

இனி வாரிசு விஷயத்துக்கு வருகிறேன். லேடெக்கின் கதை இதில் அழகானது. 80-களின் தொடக்கத்தில் லெஸ்லி லாம்போர்ட் தன் சொந்தத் தேவைக்காக, டெக்கின் மேல் கட்டிய கட்டளைத் தொகுப்பு அது. கணினிகள் பல சேர்ந்து ஒத்த முடிவுக்கு வருவது எப்படி என்பதுதான் அவருடைய நிஜமான ஆராய்ச்சி, அதற்காகப் பின்னாளில் டூரிங் விருது வாங்கியவர். லேடெக் அவருக்கு உபதொழில். 1989 ஆகஸ்டில், ஸ்டான்ஃபோர்டில் நடந்த டெக் பயனர் மாநாட்டில், ஜெர்மனியிலிருந்து வந்த ஃபிராங்க் மிட்டல்பாக் என்ற இளைஞர் லேடெக்கில் என்னென்ன கோளாறு என்று உரை நிகழ்த்தினார். அந்த மாநாட்டு நாட்களிலேயே லாம்போர்ட் லேடெக்கை அவரிடமும் அவர் நண்பர்களிடமும் ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டார். குறை சொன்னவன் கையிலேயே சாவியைக் கொடுத்த கதை. அந்த நண்பர்களில் ஒருவர், மூன்று வருடம் கழித்து சீடானைத் தொடங்கிய அதே ரெய்னர் ஷோப்ஃப். 1994-இல் அவர்கள் வெளியிட்ட லேடெக் 2ஈ தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. லாம்போர்ட் தலையிட்டதே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரு பொருள் கைமாறி நிலைத்திருக்கிறது என்றால், கொடுத்தவரின் பெருந்தன்மை பாதி, வாங்கியவர்களின் பிடிவாதம் பாதி. சந்தித்துப் பேசி, முகம் பார்த்துக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

எல்லாருக்கும் இப்படி அமைவதில்லை. பிடிஎஃப் கோப்பில் உள்ளடக்கப் பக்கத்தைச் சொடுக்கினால் அந்த அத்தியாயத்துக்குத் தாவுகிறதே, லேடெக்கில் அதைச் செய்வது ஹைப்பர்ரெஃப் என்ற பேக்கேஜ். எழுதியவர் சீடான் நால்வரில் ஒருவரான செபாஸ்டியன் ராட்ஸ். தொல்லியல் துறையிலிருந்து கணினிக்கு வந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்தவர். டெக் லைவ் தொகுப்பைத் தொடங்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு. 2016-இல் காலமானார். ஹைப்பர்ரெஃப் அதற்கு வெகுமுன்பே ஹைக்கோ ஓபர்டீக் கைக்குப் போயிருந்தது. ஓபர்டீக் தனி ஆளாகப் பல டஜன் சிறு பேக்கேஜ்கள் எழுதிப் பராமரித்தவர். அவற்றின் மேல் நின்றுகொண்டு வேறு நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள். அவரும் ஒரு கட்டத்தில் ஒதுங்கிக்கொண்டார். அந்தச் சொத்து முழுவதும் லேடெக் குழுவினர் தலையில் வந்து இறங்கியது. 2019-இல் அவர்கள் அதைப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தனிப் பேக்கேஜாக வெளியிட்டார்கள். பயன்படுத்துகிற நமக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் புதுப்பித்தோம், எல்லாம் வழக்கம்போல ஓடியது, அவ்வளவுதான்.

இந்தக் கைமாற்றத்துக்கு ஒவ்வொரு சமூகமும் ஒரு சொல்வழக்கு வைத்திருக்கிறது. கேட்டால் மனசு என்னவோ ஆகும். டெபியனில் பராமரிப்பாளர் இல்லாத பேக்கேஜை 'அநாதை' என்று குறிப்பார்கள். பொறுப்பிலிருந்து விலக நினைப்பவர் 'தத்தெடுக்க விண்ணப்பம்' போடுவார். எடுத்துக்கொள்ள வருபவர் 'தத்தெடுக்கும் உத்தேசம்' என்று பதிவார். கிரானில் பராமரிப்பாளரின் மின்னஞ்சல் முகவரி செத்துப்போனால், அவர் பெயர் இருந்த இடத்திலேயே 'அநாதை' என்று பெரிய எழுத்தில் ஏறிவிடும். பெர்ல் களஞ்சியத்தில் இன்னும் ஒரு படி மேலே. 'என்னைத் தத்தெடு' என்பதையே பெயராகக் கொண்ட ஒரு போலிப் பயனர் கணக்கு இருக்கிறது. ஆசிரியர் இறந்துவிட்டாலோ தொடர்புகொள்ள முடியாமல் போனாலோ, அந்த நிரல்களின் உரிமைப் பட்டியலில் இந்தப் பெயரைச் சேர்ப்பார்கள். 'கைமாற்றத் தயார்', 'உதவி தேவை' என்றும் கணக்குகள் உண்டு.

இதைச் சட்டமாகவே எழுதியவர்கள் லேடெக்காரர்கள். அவர்களுடைய உரிமம், சுருக்கமாக எல்பிபிஎல், 2008-இல் வந்த 1.3சி பதிப்பில் இன்றும் நிற்கிறது. இதன் வேர் ஒரு சண்டையில் இருக்கிறது. திருத்தியவன் கோப்பின் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று பழைய உரிமம் சொன்னது, க்னூத் வழியில். காரணம் நியாயமானது. சென்னையில் அச்சுக்கோத்த ஆவணம் ஸ்டுட்கார்ட்டில் வேறு மாதிரி வரி உடையக் கூடாது, ஒரே பெயர் என்றால் ஒரே நிரல். 2002 வாக்கில் டெபியன்காரர்கள் எதிர்த்தார்கள். இது சுதந்திரத்துக்குப் போடும் கடிவாளம் என்றார்கள். நீண்ட, சில சமயம் காட்டமான விவாதம். முடிவில் பெயர்மாற்ற விதி தளர்ந்தது. மாற்றியது என்று தெளிவாகத் தெரிந்தால் போதும். ஆனால் அந்த விதிக்கும் கட்டுப்படாமல் திருத்தி வெளியிடுகிற ஒருவர் இருக்கணுமே, அசலைத் தொடர்பவர். அவருக்கு 'நடப்புப் பராமரிப்பாளர்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தால் உடனே அடுத்த கேள்வி: ஒருவர் எப்படி நடப்புப் பராமரிப்பாளர் ஆகிறார்?

அந்தப் பகுதியைப் படித்தால் கிராமத்துப் பட்டா மாற்றம் ஞாபகம் வரும். நிராதரவாகக் கிடக்கும் பேக்கேஜை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர், முதலில் பழைய பராமரிப்பாளரைத் தேட நியாயமான முயற்சி செய்ய வேண்டும். கிடைத்துவிட்டால், இன்னும் பராமரிக்கிறீர்களா என்று கேட்கணும். ஆமாம் என்றால், ஒரு மாதத்துக்குள் தொடர்பு விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லணும். ஆளே கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அசையவில்லை என்றால், சமூகத்தின் முன்னால் 'நான் எடுத்துக்கொள்ள நினைக்கிறேன்' என்று அறிவிக்கணும். மூன்று மாதம் காத்திருக்கணும். பழைய பராமரிப்பாளரோ, பதிப்புரிமைக்காரரோ, வேறு யாருமோ ஆட்சேபிக்கவில்லை என்றால் பேக்கேஜில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்குள் பழையவர் திரும்பி வந்து கேட்டால், தொடர்பு விவரங்களைப் புதுப்பிக்கும் பட்சத்தில், பொறுப்பு அவருக்கே. தண்டோரா, காத்திருப்பு, ஆட்சேபம், மீட்கும் உரிமை. மென்பொருள் உரிமங்களில் இவ்வளவு மனுஷத்தனமான ஒரு பகுதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தமிழுக்கு இதில் என்ன? இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், 90-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே என்பவர் டெக்குக்காக ஒரு தமிழ் எழுத்துருத் தொகுப்பு செய்தார். சீடானில் தமிழ் என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழில் அச்சாகும். இன்று யாருக்கும் அது தேவையில்லை. ஆனாலும் யாரும் அழிக்கவில்லை. நாம் இப்போது பன்மொழி அச்சுக்கோப்புக்குப் பயன்படுத்தும் பாலிகிளாசியாவை 2008-இல் எழுதியவர் ஃபிரான்சுவா ஷாரெத். அது பிறகு ஆர்தர் ரெய்தெனோர் கைக்கு வந்து, இன்னும் சிலர் கைக்குப் போயிருக்கிறது. வரி முடிவில் தமிழ்ச் சொல்லை எங்கே உடைக்கலாம் என்ற விதிக்கோப்பைச் செய்துவைத்தவர் சந்தோஷ் தொட்டிங்கல், மலையாளக் கணினிமைக்காக உழைக்கிற கேரளத்துக்காரர். நம் வரியை உடைக்க ஒரு மலையாளி வேண்டியிருந்தது. சொல்லிக்காட்டவில்லை, நன்றியோடுதான் சொல்கிறேன். இந்தக் கோப்புகளில் ஒன்று நாளை அநாதையானால் மூன்று மாத அறிவிப்புக் கொடுக்க நம்மில் யார் இருக்கிறோம் என்று அவ்வப்போது யோசிப்பேன். சட்டென்று ஒரு பெயர் வருவதில்லை.

இப்போது இருட்டுப் பக்கம்.

2016 மார்ச்சில் என்பிஎம்மில் நடந்த லெஃப்ட்பேட் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பெயர்த் தகராறில் கோபப்பட்ட ஆசிரியர் தன் 273 பேக்கேஜ்களையும் திரும்ப எடுத்துக்கொண்டார். அதில் 11 வரி நிரல் ஒன்று இல்லாமல் போனதால் உலகெங்கும் கட்டுமானங்கள் நின்றன. என்பிஎம் அதை மீட்டுப் போட்டது, பிறகு வெளியிட்டதைத் திரும்பப் பெறுவதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதை எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது ஒரு நாள் கூத்து. உண்மையில் பயமுறுத்தியது 2018.

ஈவென்ட்ஸ்ட்ரீம் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ். எழுதியவர் டொமினிக் டார், நூற்றுக்கணக்கான சிறு பேக்கேஜ்களை எழுதிக் குவித்தவர். இதை வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கம் செய்துகொண்டிருந்தார்கள். அவரோ அதைப் பயன்படுத்தியே பல காலம் ஆகியிருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சலில், நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டார். வந்தவர் செப்டம்பரில் புதுப் பதிப்பு வெளியிட்டார். அதில் இன்னொரு சிறு பேக்கேஜைத் துணைக்குச் சேர்த்திருந்தார். அந்தத் துணைக்குள் பூட்டிவைத்த ஒரு நிரல், கோபே என்ற பிட்காயின் பணப்பை செயலிக்குள் இருக்கும்போது மட்டும் திறந்துகொண்டு சாவிகளைத் திருடும். காலாவதியான ஒரு குறியாக்க வசதியை அது பயன்படுத்தியதால் எச்சரிக்கைச் செய்தி வந்து, யாரோ எரிச்சலில் ஏன் என்று தோண்டப்போய் நவம்பரில் அம்பலமானது. டாரை வசைபாடினார்கள். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் பதில் எழுதினார். கேட்டார், கொடுத்தேன். இதைப் பராமரித்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இப்போது நானே பயன்படுத்துவதுமில்லை. சாரம் அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள். லாம்போர்ட் செய்ததற்கும் டார் செய்ததற்கும் செயலில் என்ன வித்தியாசம்? இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. இரண்டு பேரும் ஆர்வத்தோடு வந்தவரிடம் கொடுத்தார்கள். ஒருவருக்கு எதிரே மாநாட்டு மேடையில் ஓர் ஆள் நின்றார். இன்னொருவருக்கு எதிரே ஒரு மின்னஞ்சல் முகவரி.

டெக் லைவ் தொகுப்புக்காரர்கள் பேக்கேஜ்களைச் சுருக்கி அனுப்புகிறார்கள் என்று மேலே சொன்னேன். அந்தச் சுருக்க முறையின் பெயர் எக்ஸ்இசட். லினக்ஸ் உலகம் பூராவும் அது இல்லாமல் ஓடாது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் பின்லாந்தின் லாசே காலின், ஏறக்குறைய தனி ஆள். 2021-இன் இறுதியிலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சிறு சிறு திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார். உபயோகமான, அடக்கமான திருத்தங்கள். 2022-இல் வேறு சில பெயர்கள் வந்து காலினை நச்சரித்தன. புதுப் பதிப்பு எங்கே, ஏன் இவ்வளவு தாமதம், முடியவில்லை என்றால் வேறு ஆளிடம் கொடு. அந்தப் பெயர்களும் இதே நாடகத்தின் பாத்திரங்கள் என்று பின்னால் பரவலாகச் சந்தேகித்தார்கள். அந்த ஜூன் மாதம் காலின் பதில் எழுதினார். நீண்டகாலமாக மனநலச் சிக்கல்கள் இருக்கின்றன, முன்போல ஈடுகொடுக்க முடியவில்லை, இது சம்பளம் இல்லாமல் செய்கிற பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஜியா டானுக்கு வருங்காலத்தில் பெரிய பொறுப்பு வரலாம் என்றும் அதில் சொன்னார். வந்தது. வெளியிடும் சாவி கைமாறியது.

2024 பிப்ரவரி 24-இல் 5.6.0 வெளிவந்தது. மார்ச் 9-இல் 5.6.1. இதில் கவனிக்க வேண்டியது, திருட்டுக் கதவின் பாகங்கள் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் பொதுவில் எல்லாரும் பார்க்கிற மூலக்களஞ்சியத்தில் கிடந்தன. ஆனால் அவற்றை உயிர்ப்பிக்கும் வரிகள் அங்கே இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையில் மட்டும் இருந்தன. அதாவது நிரலைப் படித்தவர்கள் ஒன்றைப் படித்தார்கள், ஊர் வாங்கியது இன்னொன்றை. நடுவில் 'வெளியிடுகிறேன்' என்ற அந்த ஒரு செயல். மார்ச் 29-இல் ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அம்பலப்படுத்தினார். வேறு ஏதோ வேகச் சோதனை செய்யும்போது, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று தொடங்கியது அவர் தேடல். டெபியனின் சோதனைப் பதிப்புகள்வரை வந்துவிட்டது. நிலையான பதிப்புகளுக்குள் போகவில்லை.

எல்பிபிஎல் பகுதி இதைத் தடுத்திருக்குமா? எக்ஸ்இசட் அந்த உரிமத்தில் இல்லை, இருந்திருந்தாலும் தடுத்திருக்காது. அதன் விதிகளை மறுபடி பாருங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மூன்று மாதம் காத்திரு. கிடைத்து, சம்மதித்துவிட்டால்? அறிவித்த உடனே அமல். ஜியா டான் மாற்றிய பட்டா முறைப்படி சரியானது. சீடானின் தன்னார்வலர் மூட்டையைத் திறந்து பார்ப்பார்தான், ஆனால் ரீட்மீ சரியாக இருந்திருக்கும். நாம் வைத்திருக்கிற ஏற்பாடுகள் எல்லாம், அநாதை, தத்து, 'என்னைத் தத்தெடு', தண்டோரா எல்லாமே, செத்துப்போனவருக்கும் காணாமல் போனவருக்கும் செய்தவை. உயிரோடு, அதே முகவரியில், கூப்பிட்டால் பதில் சொல்லிக்கொண்டு, ஆனால் முடியாமல் இருக்கிறவருக்கு இந்தப் படிவங்களில் ஒரு கட்டம்கூட இல்லை. பெர்ல்காரர்களின் 'உதவி தேவை' கணக்கு கொஞ்சம் கிட்ட வருகிறது. அதிலும் உதவ வருபவர் யார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

விஷயம் வெடித்த அன்று காலின் இணையத்திலிருந்து விலகி ஓய்வில் இருந்தார். திரும்பி வந்தபோது கிட்ஹப்பில் திட்டத்தை முடக்கியிருந்தார்கள், அவருடைய கணக்கையும் சேர்த்து. தன் சொந்தத் தளத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாக எழுதிவைத்தார். பிறகு ஜியா டான் சேர்த்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார், இரண்டு வருடத்து வேலையை. எது நல்லது, எது நஞ்சு என்று பிரித்தார்.

2024 மே 29-இல் கதவை அகற்றி 5.6.2 வெளிவந்தது. வெளியிட்டவர் லாசே காலின்.